வாசகர் கேள்விகள்: குதிரையும் விலையும்

யாழ்ப்பாணத்தில் ரேஸ் திடல் கிடையாது. ஆனாலும் மாலையில் இங்கிலாந்து ஓட்டங்களைப் பார்ப்பவர்களும், சித்திரையில் நுவரெலியாவுக்குப் போகிறவர்களும் இங்கே கணிசமாக இருக்கிறார்கள். இந்தத் தடவை வந்த கடிதங்கள் இவ்விரு தரப்பிலிருந்தும்தான்.

பந்தய அட்டையில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் 302-14 என்பது போல ஒரு தொடர் இலக்கம் இருக்கிறது. அதை எப்படி வாசிப்பது? (கொக்குவில் வாசகர்)

இடமிருந்து வலமாக வாசியுங்கள். வலது ஓரத்தில் நிற்பதுதான் ஆகக் கடைசி ஓட்டம். ஆகவே இந்தக் குதிரை கடைசியாக ஓடியபோது நான்காமிடம், அதற்கு முந்திய ஓட்டத்தில் முதலிடம். நடுவிலுள்ள கோடு பருவம் மாறியதைக் காட்டும். 0 என்றால் பத்தாமிடம் அல்லது அதற்கும் பின்னால். தடை தாண்டும் ஓட்டங்களில் இலக்கத்துக்குப் பதிலாக எழுத்து வரும்: 'எஃப்' என்றால் குதிரை விழுந்தது, 'யூ' என்றால் ஜொக்கி தவறி விழுந்தார், 'பி' என்றால் ஜொக்கியே இடைவழியில் நிறுத்திவிட்டார். பெயருக்கு அருகே 'சி' இருந்தால் அதே திடலில் வென்றது, 'டி' இருந்தால் அதே தூரத்தில் வென்றது, 'பி.எஃப்.' இருந்தால் கடைசி ஓட்டத்தில் ஃபேவரிட்டாக (வெல்லும் என்று ஆகக் கூடுதலாகப் பணம் கட்டப்பட்ட குதிரையாக) நின்று தோற்றது.

இவ்வளவும் தெரிந்தாலும் இலக்கம் மட்டும் போதாது. எங்கள் மாட்டுவண்டிச் சவாரியில் மாடுகளைத் தரம் பிரித்து விடுவது போல அங்கேயும் ஓட்டங்கள் தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சமதரை ஓட்டத்தில் 1ஆம் தரம் உயர்ந்தது, 7ஆம் தரம் கடைசி. 2ஆம் தரத்தில் நான்காவதாக வந்த குதிரை 6ஆம் தரத்துக்கு இறங்கி ஓடினால், அதன் '4' மற்றக் குதிரைகளின் '1'ஐ விடப் பெறுமதியானது. ஆகவே கடைசி மூன்று ஓட்டங்களையாவது விரித்துப் பாருங்கள். என்ன தரம், என்ன தூரம், தரை எப்படி, வென்ற குதிரைக்கு எத்தனை குதிரை நீளம் பின்னால் வந்தது என்ற நான்கையும் குறித்துக்கொண்டால் அந்த இலக்கங்கள் பேசத் தொடங்கும்.

மழை பெய்தால் நல்ல குதிரையும் தோற்கிறதே, ஏன்? (சுன்னாகம் வாசகர்)

மாரி மழைக்குப் பிறகு செம்மண் தோட்டத்துக்குள் நடந்திருப்பீர்கள். காலை வைப்பதை விட எடுப்பதுதான் கஷ்டம். குதிரைக்கும் அதேதான். தரையை இறுக்கத்திலிருந்து இளக்கத்துக்கு ஃபேர்ம், குட் டு ஃபேர்ம், குட், குட் டு சொஃப்ட், சொஃப்ட், ஹெவி என்று வகுப்பார்கள். முழங்காலை உயர்த்திக் குத்தி ஓடும் குதிரை சேற்றில் சமாளிக்கும். நிலத்தோடு ஒட்டி நீளமாகக் கால் வீசும் குதிரைக்கு இறுகிய தரை வேண்டும். இளகிய தரையில் அதன் வீச்சு குறுகிவிடும். இன்னொன்று, ஹெவி தரையில் ஒரு மைல் ஓட அதைவிட நீண்ட தூரத்துக்குரிய மூச்சு வேண்டும். ஒரு மைலுக்கு மட்டுமட்டாக நின்றுபிடிக்கிற குதிரை அங்கே கடைசி 1 பர்லாங்கில், அதாவது ஏறத்தாழ 201 மீற்றரில், நின்றுவிடும்.

பலர் பிழைவிடுவது காலையில் அறிவித்த தரையை மாலைவரை நம்புவதில். இடையில் மழை பெய்யலாம். காற்றும் வெயிலும் தரையைக் காயவும் வைக்கலாம். முதல் இரண்டு ஓட்டங்களின் நேரத்தை அந்தத் தூரத்துக்குரிய நியம நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு மைல் ஓட்டம் நியமத்தை விட ஐந்தாறு செக்கன் பிந்தினால், அறிவிப்பு என்ன சொன்னாலும் தரை இளகியிருக்கக்கூடும். மெதுவாகத் தொடங்கிய ஓட்டமும் நேரத்தை நீட்டும் என்பதால்தான் ஒன்றை மட்டும் பார்க்காமல் இரண்டைப் பார்க்கச் சொல்கிறேன். கெம்ப்டன், லிங்ஃபீல்ட், வுல்வர்ஹம்ப்டன் போன்ற திடல்களில் மணலோடு செயற்கை நாரும் மெழுகும் கலந்த தரை. மழை அதை அவ்வளவாக மாற்றாது. புல்தரையில் ஓடிய கணக்கையும் அந்தத் தரையில் ஓடிய கணக்கையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள்.

தரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது புறப்படும் கூட்டின் இலக்கம். செஸ்டர் திடல் ஒரு மைலுக்குச் சற்றுக் கூடிய சிறிய வட்டம். இடப்பக்கமாக வளைந்துகொண்டே போகும். அங்கே குறுந்தூர ஓட்டத்தில் உள்வேலிக்கு அருகே சிறிய இலக்கத்தில் நிற்கிற குதிரைக்கு வழி குறைவு. வெளியே நிற்கிற குதிரை சுற்றி ஓடியே களைத்துவிடும்.

ஹண்டிகப் ஓட்டத்தில் பாரம் கூடிய குதிரையைத் தவிர்க்க வேண்டுமா? (நல்லூர் வாசகர்)

ஹண்டிகப் என்பது தரமான குதிரைக்குக் கூடிய பாரம் ஏற்றி வாய்ப்பைச் சமப்படுத்தும் ஓட்டம். பாரம் கூடியதென்றால் அந்த ஓட்டத்தில் அதுதான் தரமான குதிரை என்று அதிகாரி கணித்திருக்கிறார். அதற்காகவே அதைத் தள்ளிவிடக் கூடாது. பாரத்தைத் தூரத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 5 பர்லாங்கில் ஒரு குதிரை நீளம் ஏறத்தாழ 3 இறாத்தலுக்குச் சமன். ஒரு மைலில் 2 இறாத்தல், ஒன்றரை மைலில் ஒன்றரை இறாத்தல், இரண்டு மைலுக்கு மேல் 1 இறாத்தல். (அட்டையில் ஸ்டோன் கணக்கில் இருக்கும், 1 ஸ்டோன் 14 இறாத்தல்.) ஒரு மைல் ஓட்டத்தில் சம பாரத்தோடு ஓடிய முதலாவது குதிரை இரண்டாவதை 3 நீளத்தால் வென்றது என்று வையுங்கள். அது 6 இறாத்தல் வித்தியாசம். அடுத்த தடவை முதலாவது 8 இறாத்தல் கூடச் சுமந்தால், கணக்கின்படி இரண்டாவதுதான் ஒரு நீளத்தால் முந்த வேண்டும்.

நான் விரும்பித் தேடுவது வேறொரு சந்தர்ப்பம். இங்கிலாந்தில் குதிரைகளின் தரப்புள்ளி (பாரத்தைத் தீர்மானிக்கும் மதிப்பெண்) கிழமைக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, புதுப்பிக்கப்படும். வியாழன் வென்ற குதிரை சனியே திரும்ப ஓடினால் புதிய புள்ளி அதைப் பிடிக்காது. பாரங்கள் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். வென்றதற்காக 5 அல்லது 6 இறாத்தல்தான் மேலதிகமாக ஏற்றுவார்கள். அந்த வெற்றி 9 இறாத்தல் பெறுமதி என்றால் குதிரை 3 இறாத்தல் மிச்சத்தோடு நிற்கிறது. ஒரு மைலில் அது ஒன்றரைக் குதிரை நீளம். ஆனால் இரண்டு நாளில் இரண்டு கடும் ஓட்டம் ஓடிய களைப்பு அதைத் தின்றுவிடவும் கூடும்; இலகுவாக வென்ற குதிரையென்றால் மட்டும் இதைப் பாவியுங்கள்.

பழகுநர் ஜொக்கிக்குக் கிடைக்கிற 7, 5 அல்லது 3 இறாத்தல் சலுகையையும் கழிக்க மறக்காதீர்கள்.

ஃபேவரிட் மூன்றுக்கு ஒரு தடவை வெல்கிறதாம். அதையே கட்டிக்கொண்டு வந்தால் என்ன? (சாவகச்சேரி வாசகர்)

மூன்றில் ஒன்று என்பது ஏறத்தாழச் சரி. ஆனால் நூறு ரூபாயாக மூன்று தடவை கட்டி ஒன்று வென்றால், 2/1 விலையில் (1 ரூபாய்க்கு 2 ரூபாய் இலாபம், கட்டிய முதலும் திரும்பும்) 300 போட்டு 300 எடுப்பீர்கள். இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதைவிடக் குறைந்த விலையில் நிற்கும் ஃபேவரிட் கூடுதலாக வெல்லும் என்பது உண்மைதான். ஆனால் புக்கியின், அதாவது விலை போட்டுப் பந்தயம் வாங்குபவரின், இலாபம் விலைக்குள் ஏற்கெனவே இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு கட்டினால் காலப்போக்கில் பணம் கரையும்.

அந்த இலாபத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். 4/1 என்றால் 4உடன் 1ஐக் கூட்டி, 100ஐ அதால் பிரியுங்கள்: 20. புக்கி அந்தக் குதிரைக்கு நூற்றுக்கு 20 வாய்ப்பு என்று விலை போட்டிருக்கிறார். ஆறு குதிரைகள் 2/1, 3/1, 4/1, 6/1, 8/1, 10/1 என்று நின்றால் வாய்ப்புகள் 33.3, 25, 20, 14.3, 11.1, 9.1. கூட்டினால் 112.8. நூறுக்கு மேல் நிற்கிற அந்த 12.8 தான் புக்கியின் பங்கு. இந்தக் கூட்டுத்தொகை 130ஐத் தாண்டுகிற ஓட்டத்தைத் தொடாமல் விடுவது நல்லது. குதிரைகள் கூடக் கூட இது ஏறும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எது வெல்லும்?" அல்ல; "இதன் விலை இதன் வாய்ப்பை விடப் பெரிதா?" என்பதுதான். விலையைப் பார்க்க முன்னரே ஒரு தாளில் ஒவ்வொரு குதிரைக்கும் நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எழுதுங்கள். மொத்தம் சரியாக 100 வர வேண்டும். முதலில் எழுதுகிறவர்களுக்கு 140, 150 என்று வரும், ஏனென்றால் பிடித்த குதிரைக்கெல்லாம் வாரிக் கொடுப்போம். வெட்டிக் குறைத்த பிறகு விலையோடு ஒப்பிடுங்கள். நீங்கள் 25 கொடுத்த குதிரை 4/1இல் நின்றால், நான்கு தடவை 100 ரூபாய் கட்டி ஒன்று வென்றால் 400க்கு 500 வரும். அதே குதிரை 5/2இல் நின்றால் விட்டுவிடுங்கள், வெல்லும் என்று மனம் சொன்னாலும் சரி. ஒரு மாலையில் ஏழு ஓட்டமும் பார்த்து ஒன்றிலும் கட்டாமல் எழும்புகிற நாள்கள் வரும்.

ஈச் வே 200 ரூபாய் கட்டினேன். குதிரை மூன்றாவதாக வந்தது. காசு தரமாட்டேன் என்கிறார்கள். இது நியாயமா? (பருத்தித்துறை வாசகர்)

ஈச் வே என்றால் பாதிப் பணம் வெற்றிக்கு, பாதி முன்னிடங்களில் ஒன்றில் வருவதற்கு. உங்கள் ரிக்கற்றின் பிரதியில் எட்டுக் குதிரைகள் இருக்கின்றன, ஓடியவை ஏழு. விடயம் அதுதான். பொது விதிப்படி 8 குதிரை அல்லது அதற்கு மேல் ஓடினால்தான் மூன்று இடங்களுக்குக் காசு. 5 முதல் 7 வரை ஓடினால் முதல் இரண்டு இடங்களுக்கு மட்டும். 4 அல்லது அதற்குக் குறைவென்றால் வெற்றிக்கு மட்டும். 16 குதிரை அல்லது அதற்கு மேல் ஓடும் ஹண்டிகப் ஓட்டத்தில் நான்கு இடங்கள். ஒரு குதிரை கடைசி நேரத்தில் விலகியதும் உங்கள் மூன்றாமிடம் போய்விட்டது. சரியாக எட்டுக் குதிரை நிற்கிற ஓட்டத்தில் ஈச் வே கட்டுகிறவர்கள் இந்த ஆபத்தை முதலே எண்ண வேண்டும். கட்டுகிற இடத்தின் விதிப்பலகையையும் வாசியுங்கள்.

ஈச் வே 200 என்றால் 400 ரூபாய் கட்டுகிறீர்கள்: வெற்றிக்கு 200, இடத்துக்கு 200. 12 குதிரை ஓடும் ஹண்டிகப்பில் இடத்துக்கு விலையின் கால்பங்கு. 10/1 குதிரை மூன்றாவதாக வந்தால் 500உம் முதல் 200உமாக 700 வரும், 300 இலாபம். ஹண்டிகப் அல்லாத 8 குதிரை ஓட்டத்தில் ஐந்திலொரு பங்குதான். அங்கே 4/1 குதிரையைக் கட்டி அது இடம் பிடித்தாலும் கைக்கு வருவது 360. இடம் பிடித்தும் 40 ரூபாய் நட்டம்! விலை குறைந்த குதிரைக்கு ஈச் வே பொருந்தாது.

விலகல் இன்னொரு வகையிலும் கையைப் பாதிக்கும். நீங்கள் முன்கூட்டியே விலை எடுத்த பிறகு 2/1 குதிரை விலகினால், வென்ற தொகையில் நூற்றுக்கு 30 கழிப்பார்கள். 6/1இல் 200 கட்டி வென்றால் 1,200 அல்ல, 840, முதலோடு 1,040. 14/1க்கு மேல் நின்ற குதிரை விலகினால் கழிவில்லை.

தோற்றால் அடுத்ததில் இரட்டிப்பாகக் கட்டினால் ஒருநாள் எல்லாம் திரும்பி வருமல்லவா? (மானிப்பாய் வாசகர்)

தயவுசெய்து செய்யாதீர்கள். 100இல் தொடங்கி எட்டுத் தடவை தொடர்ந்து தோற்றால் போனது 25,500 ரூபாய்; ஒன்பதாவதுக்கு இன்னும் 25,600 வேண்டும். மூன்றில் ஒரு வாய்ப்புள்ள குதிரைகளாகவே கட்டினாலும், எடுத்த எட்டும் தோற்பதற்கு ஏறத்தாழ 26இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நூறு தடவை கட்டுகிறவர் அதைப் பெரும்பாலும் சந்திப்பார். பருவத் தொடக்கத்தில் இழந்தாலும் வீட்டுச் செலவைத் தொடாத ஒரு தொகையை ஒதுக்கி, ஒவ்வொரு தடவையும் அதில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டை மட்டும் கட்டுங்கள். கடன் வாங்கியோ நகை அடகு வைத்தோ கட்டுகிற நிலை வந்துவிட்டால் பந்தயத்தை அன்றே நிறுத்தி, வீட்டில் ஒருவரிடம் மனம்விட்டுக் கதையுங்கள்.

இங்கிலாந்து ஓட்டம் எங்கள் நேரத்துக்கு எத்தனை மணிக்கு? (வட்டுக்கோட்டை வாசகர்)

மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை நான்கரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். அங்கே பிற்பகல் 2 மணி, இங்கே மாலை 6.30. மற்ற மாதங்களில் ஐந்தரை.

எங்கள் தீவுக் குதிரைகளைப் பழக்கி ஓட்டத்துக்கு விட முடியாதா? (நெடுந்தீவு வாசகர்)

இத்தகைய ஓட்டங்களில் ஓடுபவை தறோபிரெட் இனம். அவற்றின் ஆண்வழி மூன்று குதிரைகளுக்கே போய்ச்சேரும்: பயர்லி டேர்க், டார்லி அரேபியன், கொடொல்பின் அரேபியன். தலைமுறைப் பதிவேட்டில் பெயரில்லாத குதிரைக்கு அங்கே இடமில்லை. உங்கள் தீவில் நிற்பவை போர்த்துக்கேயர் காலத்தில் வந்து காட்டில் பெருகியவை, உருவத்திலும் சிறியவை. அவற்றுக்கு வேண்டியது கோடையில் குடிக்கத் தண்ணீர்.

இந்தச் சித்திரைக்குக் குடும்பமாக நுவரெலியா ரேஸுக்குப் போகிறோம். கட்டாமல் ரசிக்க என்ன பார்க்க வேண்டும்? (கோண்டாவில் வாசகி)

ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்துக்குப் போய் நில்லுங்கள், அம்மா. பாதி இரசனை அங்கேதான். பின்னங்கால் குளம்பு முன்னங்கால் பதிந்த இடத்தைத் தாண்டி விழுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் உடல் இளகி நடக்கிறது. தோல் எண்ணெய் பூசியது போல மினுங்க வேண்டும், விலா எலும்பு மெல்லிதாகத் தெரிய வேண்டும், பின்தொடை நிறைந்திருக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், குளிர். அந்தக் குளிரிலும் ஓட முன்னரே கழுத்திலும் பின்னங்கால்களுக்கிடையிலும் வெள்ளை நுரை தள்ளினால் அந்தக் குதிரை பதற்றத்தில் தன் பலத்தைச் செலவழிக்கிறது. காது முன்னோக்கி அமைதியாக நடப்பதற்கு ஒரு புள்ளி கூடப் போடுங்கள். வாலை ஓயாமல் சுழற்றுவதற்குக் குறையுங்கள்.

பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, வளையத்தில் பார்த்து மூன்று குதிரைகளை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பிறகு முடிவுக் கம்பத்துக்கு நேரே நில்லாமல், அதற்குச் சற்று முன்னால் வேலியோரம் நில்லுங்கள்; ஜொக்கி எப்போது குதிரையைத் தட்டுகிறார், எது தானாக ஓடுகிறது என்பது அங்கிருந்துதான் வடிவாகத் தெரியும். கவர்னர்ஸ் கப், குயின்ஸ் கப் ஓடுகிற நாள்களில் சனம் நிறையும். அறைக்குச் சில கிழமைகள் முன்னரே சொல்லி வையுங்கள், ஓட்ட நாளை உறுதிப்படுத்திய பிறகு வாகனம் பிடியுங்கள், எல்லாருக்கும் ஸ்வெட்டரும் குடையும் எடுங்கள். பின்னேரத்தில் அங்கே மழை திடீரென்று இறங்கும்.