பழைய மோட்டார்ஹோமின் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) தகடு இணைப்புகளில் சிலிக்கான் பூசி, மேலே பெயின்ட் அடிக்கலாமா?

வேண்டாம். சாதாரண சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது, கொஞ்ச நாளிலேயே உரிந்து வரும். உங்களுடையது 1973 முதல் 1978 வரை அமெரிக்காவில் வந்த ஜிஎம்சி நிறுவன மோட்டார்ஹோம் என்றால் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் அதன் பாடியில் அலுமினியமும் ஃபைபர்கிளாஸும் கலந்திருக்கும், 3 மீட்டர் அலுமினியத் தகட்டின் சூடு 40 டிகிரி செல்சியஸ் கூடினாலே அது கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், அந்த அசைவில் சாதாரண பட்டி விரிசல் விட்டுவிடும்.

இணைப்புகளில் ஏற்கனவே சிலிக்கான் பூசியிருந்தால், பாதி வேலை அதை எடுப்பதில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டி, சிலிக்கான் ரிமூவர் போட்டுத் துடைத்து, வெறும் தகட்டில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். படலமாகப் பரவாமல் முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இன்னும் போகவில்லை, மறுபடி துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு எபாக்ஸி பிரைமர் (தகட்டில் பிடிப்புக்காக முதலில் அடிக்கும் பூச்சு), அப்புறம் பெயின்ட் ஏற்கும் பாலியூரித்தேன் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை). இந்த சீலன்ட் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் வெளியிலிருந்து உள்ளே இறுகும், அதனால் ட்யூபில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன் பெயின்டைத் தொடாதீர்கள். பெயின்டிலும் வளைந்து கொடுக்கும் சேர்மானம் கலப்பது நல்லது, இல்லையென்றால் இணைப்பின் மேலேயே கோடு கோடாக வெடிக்கும்.

ஜன்னல் சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) போதும். சட்டத்தின் கீழ் விளிம்பில் வடிகால் துளைகள் இருந்தால் அவற்றை மட்டும் அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் உள்ளே தேங்கிவிடும்.