வாடகை கூடினால் எங்கே முறையிடுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இலண்டன் ஈஸ்ட்ஹாமில் மாதம் 1,650 பவுண்ட் வாடகைக்குக் குடியிருக்கிறோம். அடுத்த மாதம் முதல் 1,950 தரவேண்டும் என்று வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் படிந்திருக்கிறது; குசினித் தரையை எங்கள் செலவில் போட்டோம். மறுத்தால் எழுப்பிவிடுவாரோ என்று பயப்படுகிறோம். ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலிருக்கும் என் அக்காவுக்கும் ஏப்ரலில் வார வாடகை 130 பவுண்டிலிருந்து 136.24 ஆகவும், சேவைக் கட்டணம் 9இலிருந்து 17 ஆகவும் கூடியது. நாங்கள் முறையிடலாமா?
– வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: முதலில் அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் பலர் வாய் திறவாமல் கூடுதல் வாடகையைக் கொடுத்துவிடுவதற்கு அதுவே காரணம். காரணம் காட்டாமல் குடியிருப்பவரை எழுப்ப வழிவிட்ட, 1988ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டத்தால் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் நீக்கப்பட்டுவிட்டது. வாடகை உயர்வை எதிர்த்தீர்கள் என்பது உங்களை வெளியேற்றுவதற்குரிய காரணம் ஆகாது.

அடுத்து, அந்த வாட்ஸ்அப் செய்தி சட்டப்படியான அறிவித்தல் அல்ல. தனியார் வீட்டுக்காரர், வாடகை உயர்வை அறிவிப்பதற்கான அரசுப் படிவமான படிவம் 4ஏயில், குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுத்து, ஆண்டுக்கு ஒரு தடவை மட்டுமே வாடகையை உயர்த்தலாம். ஆகவே பழைய 1,650ஐயே தவணை தவறாமல் செலுத்தி வாருங்கள்.

முறையான படிவம் வந்தால், அதில் குறித்த தேதிக்கு முன்பாகவே இத்தகைய வாடகைப் பிணக்குகளைத் தீர்க்கும் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு (First-tier Tribunal) விண்ணப்பித்துவிட வேண்டும். தேதி கடந்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். அந்த வீட்டை இன்று புதிதாக வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்பதையே தீர்ப்பாயம் பார்க்கும் என்பதால், அதே பகுதியில் அதே அளவான வீடுகளுக்கு வந்த விளம்பரங்களைச் சேர்த்து வையுங்கள். பூஞ்சணத்தைத் துடைப்பதற்கு முன் தேதி தெரியும்படி படமெடுங்கள். நீங்கள் போட்ட தரையால் கூடிய மதிப்பை வாடகையில் சேர்க்கக்கூடாது என்பதால் அதன் பற்றுச்சீட்டும் முக்கியம். வீட்டுக்காரர் கேட்ட தொகைக்கு மேல் தீர்ப்பாயம் நிர்ணயிக்க முடியாது. தீர்ப்புக்கு முந்திய மாதங்களுக்குக் கூடிய தொகையை நிலுவையாகக் கட்டவேண்டியதுமில்லை. ஆகவே முறையிட்டதால் வாடகை இன்னும் கூடிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை.

அக்காவின் நிலை வேறு. ஹவுசிங் அசோசியேஷனும் கவுன்சிலும் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வீடுகளின் வாடகையை, முந்திய செப்டம்பர் மாதப் பணவீக்கத்தோடு ஒரு சதவீதம் சேர்த்த அளவுக்கே பொதுவாக உயர்த்தலாம். 2025 செப்டம்பரில் பணவீக்கம் 3.8 சதவீதம், எனவே 2026 ஏப்ரலில் வரம்பு 4.8 சதவீதம். அவருடைய 130 பவுண்டுக்கு அது 6.24 பவுண்ட், கடிதத்திலும் அதுவே இருக்கிறது. சந்தை வாடகையைவிட இது மிகக் குறைவு என்பதால் வாடகையை எதிர்ப்பதில் பயனில்லை.

கேட்க வேண்டியது சேவைக் கட்டணத்தைப் பற்றித்தான். அது செலவுக்கேற்ப மாறும் கட்டணமா, நிலையான கட்டணமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். மாறுவதாயின், மாடிப்படி துப்புரவுக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்டு எழுதி, நியாயமற்றதாகத் தோன்றும் செலவை 1985ஆம் ஆண்டின் வீட்டுக்காரர்–குடியிருப்பாளர் சட்டத்தின் (Landlord and Tenant Act) 27ஏ பிரிவின்கீழ் அதே தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம். கவுன்சிலிடமிருந்து வாரவாடகைக்குப் பெற்ற வீடாயின் இந்த வழி இல்லை. கவுன்சிலிடமே முறைப்பாடு கொடுக்க வேண்டும்.

அக்கா யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை பெறுபவராயின், கூடிய வாடகையைத் தன் இணையக் கணக்கில் அவரே அறிவித்தாரா என்று இன்றே கேளுங்கள். அறிவிக்காவிட்டால் பழைய வாடகைக்குரிய தொகையே வந்துகொண்டிருக்கும்.