பழைய கார்னா பெட்ரோல் வாசம் வரத்தான் செய்யுமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் 1986 மாடல் பத்மினி கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்ததில் குறை தெரியவில்லை. ஆனால் நிறுத்தியதும் பெட்ரோல் வாசம் குப்பென்று அடிக்கிறது. கேட்டால், “பழைய கார்னா அப்படித்தானுங்க” என்கிறார் விற்பவர். விண்டேஜ் கார் என்று விலையும் கூடுதலாகச் சொல்கிறார். திம்பம் மலைப்பாதை வழியாக அடிக்கடி போய்வர வேண்டியவன் நான். வாங்கலாமா?

பதில்: விற்பவர் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டியில் சூடான இன்ஜினை அணைத்ததும் உள்ளே தேங்கிய பெட்ரோல் கொஞ்சம் ஆவியாகும். மெல்லிய வாசம் சற்று நேரம் இருந்துவிட்டுப் போகும். குப்பென்று அடித்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம்.

எங்கே என்று தெரியாமல் விலை பேசாதீர்கள். இன்னொரு முறை காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். முதல் நாள் இரவே வண்டிக்கு அடியில் ஓர் அட்டையைப் போட்டு வைக்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது. கறை இன்ஜினுக்கு நேர் கீழேயா, டேங்க் பக்கமா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்கக் கூடாது.

அடுத்தது டேங்க். விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு லிட்டருக்கு மேல் பெட்ரோல் இருக்காது. டேங்கின் மேல்பக்கக் கசிவு, அதாவது பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், காற்றுக் குழாய், கேஜுக்கான ஃப்ளோட் யூனிட்டின் பேக்கிங், இதெல்லாம் டேங்க் நிறைந்தால்தான் காட்டிக்கொடுக்கும். உங்கள் காசிலேயே டேங்கை நிரப்புங்கள். நாலு திருப்பம் ஓட்டிவிட்டு டிக்கியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கார் உங்களுக்கு அமையாவிட்டால் அந்தப் பெட்ரோல் காசு போனதுதான். போகட்டும், அதைவிடப் பெரிய செலவு மிச்சம்.

பிறகு இன்ஜின். ஐடிலில் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பம்பிலிருந்து கார்புரேட்டர் வரை பாருங்கள். ஃபேன் பெல்ட்டில் கை, துண்டு மாட்டிவிடப் போகிறது, கவனம். ஏசி பம்ப் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்த பெட்ரோல் பம்பின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தால் உள்ளே டயாப்ரம் என்ற ரப்பர் சவ்வு போயிருக்கும். பெட்ரோல் வெளியே சொட்டாமல் இன்ஜின் ஆயிலிலும் கலக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி முகருங்கள். ஆயில் அளவு கூடியிருந்து பெட்ரோல் வாசமும் அடித்தால் அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

கார்புரேட்டரின் வெளிப்புறம் நனைந்திருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றி வாய்க்குள் பாருங்கள். அணைத்த பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வ் மூடவில்லை. அதில் தூசி சிக்கியிருக்கலாம், அல்லது அந்த வால்வை மூடவைக்கும் மிதவையான பித்தளை ஃப்ளோட் ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கலாம். மெக்கானிக் ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் தெரிந்துவிடும்.

பலரும் தவறவிடுவது டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள குழாய். பம்ப் அங்கே உறிஞ்சுகிறது, தள்ளுவதில்லை. அதனால் ஓடும்போது அங்கே விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பண்ணாரி தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டி திணறி நிற்கும். வெயில் சூடு என்று பழி போடுவார்கள். ஹோஸை மாற்றினால் சரியாகிவிடும்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1986-ல் போட்ட ரப்பருக்கு அது ஒத்துவராது. ஊதும், இளகும், விரிசல் விடும். டேங்கின் பழைய அழுக்கையும் கிளப்பிவிட்டு ஃபில்டரை அடைக்கும். அதனால் வாங்கினால் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். கடையில் ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்று மேலேயே அச்சிட்ட ஹோஸாகக் கேளுங்கள். தண்ணீர் ட்யூபையும் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ட்யூபையும் யார் கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிடுங்கள். குழாய்களை இணைக்கும் பித்தளை யூனியன் நட் தேய்ந்திருந்தால் கவலை இல்லை. கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்?

ஹோஸ், டயாப்ரம், நீடில் எல்லாம் சின்ன விஷயம். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், காரை விட வேண்டியதில்லை. டேங்க் துருப்பிடித்து அரித்திருந்தால்தான் கணக்கு மாறும். ஃபில்டரில் செம்மண் நிறத்தில் தூள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டேங்கைக் கழற்றிச் செய்யும் செலவை ஒரு பட்டறையில் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

விண்டேஜ் பேச்சையும் நம்ப வேண்டாம். 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி 50 ஆண்டு ஆன வண்டிதான் விண்டேஜ். உங்கள் பத்மினிக்கு அது 2036-ல்தான். இப்போதைக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, எதுவரை என்று பாருங்கள். இன்னொன்று: வியாபாரி அல்லாத தனி ஆளிடம் வாங்கும் பழைய காருக்கு நுகர்வோர் ஆணையம் கைகொடுக்காது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்ப்பதுதான் பார்வை.

கேள்வி: பொள்ளாச்சியில் என் அம்பாசிடருக்கு கார்புரேட்டரே போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றினார்கள். பழையதைத் திருப்பித் தரவில்லை. துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் வழிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: புதுக் கார்புரேட்டரும் வழிகிறதென்றால் கோளாறு அதில் இருந்திருக்கவே வாய்ப்பு குறைவு. டேங்கிலிருந்து வரும் தூசி நீடிலில் சிக்குகிறதா, பம்ப் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் தள்ளுகிறதா என்று வேறொரு மெக்கானிக்கிடம் பார்த்து, அவர் கண்டதை எழுதி வாங்குங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். கழற்றிய பாகம் உங்களுடையது. அதையும் முறையான பில்லையும் கேட்டு பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ஸ்பீட் போஸ்ட்டில். பெரும்பாலும் அதிலேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்குப் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: டேங்கில் ஊசி முனை அளவு ஓட்டை. சோப்பு தேய்த்து ஓட்டுகிறேன். தாராபுரத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே வெல்டிங் பட்டறை இருக்கிறது. டேங்கைக் காலி செய்து கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி, பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, ஒரு பொறி போதும், வெடித்துவிடும். சோப்பு வீடு வந்து சேரும் வரைக்கும்தான். பெட்ரோல் டேங்க் வேலை வழக்கமாகச் செய்பவரிடம் கொடுங்கள். கழுவி, நீராவி விட்டு ஆவி முழுவதும் போன பிறகே அவர் ஓட்டையைப் பற்றவைத்து அடைப்பார். அதுவரை வண்டியை மூடிய ஷெட்டில் நிறுத்தாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று வாங்கி, டிக்கியில் போடாமல் ஓட்டுநர் சீட்டுக்குக் கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.