நிப் தீட்டிக் கொடுத்தவர்

கேள்வி: எங்கள் ஊரில் மைப்பேனா பழுதுபார்த்து வந்த பெரியவர் சென்ற மாதம் காலமானார். பழைய பேனாக்களைச் சேர்ப்பதிலும் அவற்றால் எழுதுவதிலும் ஆர்வமுள்ள நாங்கள், தருமபுரி, ஓசூர் நண்பர்கள் உட்பட, அவரையே நம்பியிருந்தோம். பேனாவுக்காக இவ்வளவு துக்கமா என்று வீட்டார் கேட்கிறார்கள். துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவருடைய துணைவியார், பழுதுபார்க்க வந்த பேனாக்களையும் கருவிகளையும் காட்டி, இவற்றை என்ன செய்வது என்று கேட்டார். நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் துக்கம் மிகையே அல்ல. கடையில் வாங்கும் நிப் எல்லோருக்கும் பொதுவானது. நீங்கள் பேனாவைச் சாய்க்கும் விதத்தையும் கையின் அழுத்தத்தையும் கவனித்து அதை உங்களுக்கென்று தீட்டிக் கொடுப்பவர், உங்கள் கையெழுத்தை உங்களைவிட நுட்பமாக அறிந்தவர். நிப்பின் நுனியில் இருக்கும் கடினமான உலோகக் கலவை ஒரு சிறு மணியளவுதான் என்பதால், தேய்த்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எனவே, எந்த இடத்தில் நிறுத்துவது என்று அறிவதே அந்த வேலையில் பாதி. நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் எபோனைட் (கடினமாக்கிய ரப்பர்) துண்டைச் சுடுநீரில் இளக்கி, நிப்போடு படியுமாறு அழுத்திப் பிடிக்கும்போது எவ்வளவு அழுத்துவது என்பதை எந்த நூலும் சொல்லித் தராது, விரல்தான் பழகியிருக்க வேண்டும். அப்படிப் பழகிய விரல்களை உங்கள் வட்டாரம் இழந்திருக்கிறது.

காரியம் முடிந்திருந்தால், அந்த அம்மாவின் அனுமதியோடு முதலில் பேனாக்களைப் பாருங்கள். உள்ளே மை காய்ந்துகொண்டிருக்கும். சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும். பேனாவின் உடல் எபோனைட்டாக இருந்தால், சுடுநீர் அதன் கறுப்பை வெளிறச் செய்துவிடும். வெயில் பட்டாலும் அது பழுப்பேறும் என்பதால், உரியவர் வரும்வரை மூடிய பெட்டியில் வையுங்கள். பேனாவுடன் பெரியவர் எழுதி வைத்த துண்டுச்சீட்டு இருந்தால், அதைப் பேனாவிலிருந்து பிரிக்காதீர்கள். வேலை முடிந்த பேனாவுக்கு உரிய கூலியையும், அவர் உயிரோடு இருந்தபோது "இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வாங்காமல் விட்டதையும், பேனாவைப் பெற வருபவர்கள் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். இரங்கல் கூட்டமும் படத்திறப்பும் இதற்குப் பிறகு நடக்கட்டும்.

கருவிகள் குடும்பத்தின் உடைமை. பிள்ளைகள் அவற்றை நினைவாக வைத்துக்கொள்ள விரும்பினால் நீங்கள் கேட்கவே கூடாது. விற்க முன்வந்தால், ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளாமல், நண்பர்கள் சேர்ந்து நியாயமான விலை கொடுத்து, உங்களில் பொறுமையும் கூர்ந்த பார்வையும் உள்ள ஒருவரிடம் மொத்தமாக ஒப்படையுங்கள். அரமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் எங்கும் கிடைக்கும், ஆனால் தம் கைக்கு ஏற்பப் பெரியவரே செய்துகொண்ட சிறு கருவிகள் பிரிந்தால் அவற்றின் பயன் யாருக்கும் புரியாது. அவர் வேலை செய்ததை அருகிலிருந்து பார்த்தவர்கள், நினைவில் இருப்பதை இப்போதே எழுதி, கருவிகளுக்குப் பொறுப்பேற்பவரிடம் கொடுக்கலாம். பொறுப்பேற்பவர், பெரியவர் தீட்டிய நிப் எதையும் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். விலை குறைந்த எஃகு நிப்புகளில் முதலில் கை பழகட்டும்.