சொந்தமாக ஒரு நிரல்மொழி

கேள்வி: சார், பைத்தான் ஓரளவு தெரியும். சொந்தமாக ஒரு குட்டி நிரல்மொழி செய்ய ஆசை. கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பாடத்தை முடிக்காமல் அதைத் தொடாதே என்கிறார்கள் சீனியர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
- இரண்டாம் ஆண்டு மாணவர், திருநெல்வேலி

பதில்: தாராளமாகத் தொடுங்கள் தம்பி, இன்றைக்கே. முதலில் ஒரு கால்குலேட்டர் போதும். 2 + 3 * 4 என்ற வரியை ஐந்து துண்டாக வெட்டுவது டோக்கனைசர் வேலை, அது சுலபம். அப்படியே இடமிருந்து வலமாகக் கணக்குப் போட்டால் 20 வரும், வரவேண்டியதோ 14. அதனால் துண்டுகளை மரமாக அடுக்க வேண்டும்: உச்சியில் +, அதற்கு இடப்பக்கம் 2, வலப்பக்கம் *, அந்தப் பெருக்கலுக்குக் கீழே 3-ம் 4-ம். இதுதான் பார்சர். மரத்தின் அடியிலிருந்து விடையை மேலே கொண்டுவர ஒரு சின்ன ரிகர்சிவ் ஃபங்ஷன், அதாவது தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஃபங்ஷன் எழுதுங்கள், ஓடிவிடும். மாறிகளின் பெயரையும் மதிப்பையும் குறித்துவைக்க ஒரு டிக்‌ஷனரி, அவ்வளவுதான்.

அப்புறம் அதில், நிபந்தனையைப் பார்த்து இரண்டில் ஒரு வழியில் போகும் 'இஃப்' சேர்த்துப் பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. அதையும் சாதாரண ஃபங்ஷனாக எழுதிவிட்டு, இஃப்(எண் == 0, 0, 100 / எண்) என்று கொடுத்து, எண்ணுக்கு 0 வைத்து ஓட்டினால் பூஜ்யத்தால் வகுத்த எரர் வந்து நிற்கும், ஏனென்றால் ஃபங்ஷனுக்குள் நுழையும் முன்பே மூன்று மதிப்புகளும் கணக்கிடப்பட்டுவிடுகின்றன. 'இஃப்' ஒரு பக்கத்தை மட்டும்தானே தொட வேண்டும்? ஆக, அதை உங்கள் மொழிக்குள்ளேயே தனியாகக் கவனிக்க வேண்டும். இந்த எரரை ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு லிஸ்ப் என்ற பழைய நிரல்மொழியின் குடும்பத்து மேக்ரோ (ஓடும் முன்பே ஒரு நிரல் துண்டை வேறொன்றாக மாற்றி எழுதும் வசதி) எதற்கென்று சட்டெனப் புரியும்: இப்படிப்பட்ட கட்டளைகளை மொழியைப் பயன்படுத்துபவரே சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் குடும்பத்து ராக்கெட் மொழியில் 'வைல்' லூப் (நிபந்தனை நீடிக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடுவது) தயாராகக் கிடையாது. மேக்ரோவாக நாலைந்து வரியில் நீங்களே ஒன்று செய்து பாருங்கள், நான் எல்லோருக்கும் கொடுக்கும் முதல் பயிற்சி இதுதான்.

கேள்வி: கட்டளைச் சொற்களைத் தமிழில் மாற்றினாலே அது தமிழ் நிரல்மொழி ஆகிவிடுமா?
- பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: சொல் மாறும், வரிசை ஆங்கிலமாகவே நிற்கும் டீச்சர். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியை மாணவர்களுக்குக் காட்டுங்கள், அதில் எழுதியதைப் படித்து ஓட்டும் இன்டர்பிரெட்டர் பைத்தானில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதில் @( எண் == 0 ) ஆனால் என்று நிபந்தனை முன்னால், 'ஆனால்' பின்னால், நாம் பேசுகிற மாதிரியே. கடைசியில் 'முடி'. முன்னால் நிற்கும் அந்த @ குறியையும் கவனிக்கச் சொல்லுங்கள். 'ஆனால்' பின்னால் வருவதால், இனி வரப்போவது நிபந்தனை என்று பார்சருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது அதுதான்.