கருவில் வளரும் மூளையின் நியூரான் (நரம்புச் செல்) வடிவத்தைக் கணிதத்தால் அளக்க முடியுமா?

முடியும். எங்கள் ஏற்காட்டுக் காப்பிச் செடி ஒன்றை நேர் மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்டை மையமாக்கிச் சம இடைவெளியில் வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வட்டத்தையும் எத்தனை கிளைகள் வெட்டுகின்றன என்று எண்ணுங்கள். 1953-இல் பூனையின் மூளைப் புறணியை ஆராய்ந்த ஷோல் என்ற ஆய்வாளர் செய்தது இதைத்தான். அங்கே மையம் செல்லின் உடல்.

கருவில் இடம்பெயர்ந்துகொண்டிருக்கும் இளம் நியூரானுக்குப் பெரும்பாலும் ஓரிரு நீட்சிகளே உண்டு. எண்ணிக்கையும் அதோடு நின்றுவிடும். உரிய இடம் சேர்ந்தபின் டென்ட்ரைட்டுகள் (சமிக்ஞைகளை வாங்கும் நீட்சிகள்) கிளைவிட்டுப் பெருக, ஒவ்வொரு வட்டத்தின் தொலைவுக்கும் எண்ணிக்கையைக் குறித்த வரைபடத்தில் ஒரு மேடு எழும்பும். அதன் உயரமும், மையத்திலிருந்து அதன் தொலைவும் வளர்ச்சியைக் காட்டிவிடும். எவ்வளவு அழகான எளிமை!

ஃப்ராக்டல் பரிமாணம் என்ற இன்னோர் அளவும் உண்டு; கிளைகள் இடத்தை எவ்வளவு நிறைக்கின்றன என்று சொல்லும் எண் அது. தட்டையான படத்தில் நேர்கோட்டுக்கு 1, பரப்பை நிறைத்தால் 2. நியூரான் இடையில் விழும். வெவ்வேறு வடிவங்கள் ஒரே எண்ணைத் தரக்கூடும் என்பதால், அதை மட்டுமே நம்பி நான் முடிவு சொல்லமாட்டேன்.