ஏற்காட்டில் 95, விடைத்தாளில் 100: பையன் எழுதியது தப்பா?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு, அரசுப் பள்ளி. பள்ளி வழியாக ஒரு தனியார் அமைப்பு நடத்திய அறிவியல் திறன் தேர்வில் 'தண்ணீர் எத்தனை டிகிரி செல்சியஸில் கொதிக்கும்?' என்று கேட்டிருந்தார்கள். இவன் 95 என்று குறித்தான், தப்பு போட்டுவிட்டார்கள். ஏற்காட்டில் என் அம்மா வீடு. லீவில் அவன் மாமா லேப் தெர்மாமீட்டர் வைத்துக் காட்டியபோது 95-தான் வந்ததாம். அழுகிறான். அடுத்த சுற்றுக்கு 1,800 ரூபாய்க்குப் புத்தக செட் வாங்கினால் வெள்ளிப் பதக்கம் உறுதி என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா? காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை வைத்து வீட்டிலேயே நிரூபிக்க முடியுமா?
- ஒரு தாய், குகை, சேலம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் தெர்மாமீட்டரைக் கொதிநீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள் அம்மா. அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் சூடேறினால் பாதரசம் விரிய இடமில்லாமல் கண்ணாடி உடையும். உடைந்தால் பாதரசம் அடுப்பு மேடையெல்லாம் உருளும், அதன் ஆவி நஞ்சு. மாமா வைத்திருந்தது 110 வரை காட்டும் லேப் தெர்மாமீட்டர். அது வேறு, இது வேறு.

அடுத்தது, உங்கள் பையன் பார்த்தது சரி. தண்ணீர் கொதிப்பது என்றால், உள்ளே உண்டாகும் ஆவி, மேலே அமுக்கிக்கொண்டிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வெளியே வருவது. காற்றின் அமுக்கம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே அந்த வேலை முடிந்துவிடும். சேலத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டுவதற்குள் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும், உங்கள் காதும் அடைத்துத் திறந்திருக்கும். இரண்டுக்கும் காரணம் வெளிக்காற்றின் அமுக்கம் குறைந்ததுதான்.

கணக்கு சுலபம். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், ஆக 95. சேலமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 99-ஐ ஒட்டித்தான் கொதிக்கும். சேலத்தில் உட்கார்ந்து எழுதிய தேர்வுக்கு 100-ம் முழுச் சரியில்லை என்பதை அந்த ஏஜென்டிடம் சொல்லிப் பாருங்கள்!

மலையில் காற்றழுத்தம் குறையும் என்பது 1648-லேயே பார்த்த விஷயம். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் சொல்லி, அவருடைய அக்கா கணவர் பெரியே என்பவர் காற்றழுத்தம் அளக்கும் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு பிரான்சில் பியூய் தெ தோம் மலை ஏறினார். உயரம் 1,465 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஏற்காடுதான். உச்சியில் பாதரசம் இறங்கியிருந்தது. 1742-இல் வெப்ப அளவுகோல் வகுத்த செல்சியஸ் என்ற அறிஞரும் கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று தெரிந்தேதான் வகுத்தார். (அவர் கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் தலைகீழாக வைத்திருந்தார். பையனிடம் சொல்லுங்கள், வகுப்பில் கேட்டு மடக்கட்டும்.) 'கடல் மட்டக் காற்றழுத்தத்தில்' என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் கேள்வி சுத்தமாகியிருக்கும். கேள்வி எழுதுகிறவர்களுக்கு அந்த இரண்டு சொல்தான் வலிக்கிறது.

'அப்போ குக்கர்?' என்று உங்கள் பையன் கேட்பான். கேட்கட்டும், இங்கேதான் வாத்தியார்களே வழுக்குகிறார்கள். குக்கரில் வைத்துவிட்டால் மலையும் சமவெளியும் ஒன்று என்று எழுதியிருப்பார்கள். ஒன்றல்ல. விசில் வெயிட் எடை போடுவது உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை அல்ல. வெளியே இருப்பதைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை. வெளியே குறைந்தால் உள்ளேயும் அந்த அளவு குறையும். கடற்கரை ஊரில் குக்கருக்குள் 120 டிகிரி என்றால், அதே குக்கர் ஏற்காட்டில் 117 பக்கம்தான் போகும். சேலத்தில் மூன்று விசிலுக்குக் குழைகிற பருப்பு உங்கள் அம்மா வீட்டில் இன்னொரு விசில் கேட்டால், பருப்பின் மேல் குற்றமில்லை. ஆனால் திறந்த பாத்திரத்தில் படுகிற பாடு குக்கரில் இல்லை, ஏனென்றால் 117-ம் 95-ஐவிட எவ்வளவோ மேல்.

இப்போது அந்த 1,800 ரூபாய். வேண்டாம். முதல் சுற்றில் யாரையும் முழுசாகக் கழிக்க மாட்டார்கள், இரண்டாம் சுற்றுக்குப் புத்தகம் விற்க வேண்டுமே! அப்படிப்பட்ட செட் ஒன்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்றது ஒரு பக்கம் (தெரியாது), நாக்கின் நுனியில் மட்டும்தான் இனிப்பு தெரியும் என்றது இன்னொரு பக்கம் (நாக்கு முழுக்கத் தெரியும், ஒரு சிட்டிகை சர்க்கரை போதும் சோதிக்க). 'வெள்ளி'ப் பதக்கத்தைச் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொடுத்து உரசிப் பார்க்கச் சொல்லுங்கள். கொலுசு செய்கிற ஊரில் வந்து வெள்ளி விற்கிற தைரியம் இவர்களுக்குத்தான் வரும். வகுப்பு நேரத்தில் உள்ளே விட்டு விண்ணப்பம் விநியோகிக்க அனுமதிக்கிற பள்ளிகளை என்ன சொல்ல!

காசு கொடுக்காமல் காசு வருகிற தேர்வு ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதச் சொல்லுங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, வருமான வரம்பு உண்டு. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதற்குப் பள்ளிப் பாடப்புத்தகமும் பழைய வினாத்தாளும் போதும். தலைமை ஆசிரியரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அந்தத் தேர்விலும் 'தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்' என்று மொட்டையாகக் கேட்டால் 100 என்றே குறிக்கச் சொல்லுங்கள். விடைத்தாளைத் திருத்துகிற கம்ப்யூட்டர் ஏற்காடு ஏறியதில்லை.